அலமாரிக் கதவின் ஒன்பதாவது வரி

ஆல்டர் கிரீக், யூட்டா
ஜூலை 28, 1991
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜனீலுக்கு,

இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். பின்லாந்தில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை, தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டிக்கொள். சபை ஊழியத்துக்குப் போன இடத்தில் நீ இளைத்துத் திரும்பினால் உன் நெல்டா பெரியம்மா அதற்கும் என்னைத்தான் பார்ப்பாள்.

உன் கடிதம் வாராவாரம் வருகிறது. உறையின் மேல் அப்பா பெயரும் தங்கச்சி டெவ்ரா பெயரும் இருக்கும். கடைசி வரியில், கோலீனை விசாரித்ததாகச் சொல்லவும் என்று இருக்கும். உன் அப்பா மறக்காமல் சொல்லிவிடுவார். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் பதினெட்டு வயதில் வீட்டுக்குள் வந்து நின்ற ஒருத்தியைப் பெயர் சொல்லாமல் வேறு எப்படிக் கூப்பிடுவாய். இந்த வாரக் கடிதத்தை நான் எழுதுகிறேன் என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றை நானே உன்னிடம் சொல்ல வேண்டும். நெல்டா அக்கா வியாழக்கிழமையே உனக்கு எழுதிப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அவள் எழுதியிருப்பது உண்மைதான்.

சமையலறையில், மாவு டப்பா வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் உன் அம்மா மார்வா பென்சிலால் எழுதி வைத்திருந்த இருபத்து நான்காம் தேதிப் பட்டியலின் மேல் நான் பெயின்ட் அடித்துவிட்டேன். ஒரு பூச்சு இல்லை, இரண்டு பூச்சு. தெரியாமல் நடந்தது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை.

இதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிடத் தோன்றும். வைக்காதே. கடைசி வரை படி. உனக்குச் சேர வேண்டிய ஒன்று கடைசியில் இருக்கிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். முதல் ஜூலையில் நானும் ஆசையோடுதான் இருந்தேன். ஜூலை இருபத்து நான்கு, உங்கள் முன்னோர்கள் யூட்டாவுக்கு வந்து சேர்ந்த முன்னோடிகள் நாள் என்றால் எங்கள் ஒஹாயோவில் யாருக்கும் தெரியாது. இங்கேயானால் கிறிஸ்துமஸுக்குக்கூட இவ்வளவு அமளி கிடையாது. பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். தர்பூசணி விதையை யார் தூரத் துப்புவது என்று ஒரு போட்டி, எங்கள் வீட்டு முறையில் பீச் ஐஸ்கிரீம், இப்படி. உன் அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். கதவைத் திறந்து காட்டினார். "எல்லாம் இதுல இருக்கே கோலீன்" என்றார். தர்பூசணிப் போட்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா மார்வா லிஸ்ட்ல இல்லையே என்று நெல்டா அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு நான் எதையும் எழுதவில்லை.

நான்கு வருடமாக அந்தக் கதவு சொன்னபடி செய்தேன். இருபத்து மூன்றாம் தேதி பொழுது சாயுமுன் தீவனக் கடை வாசலில் நடைபாதை ஓரமாக ஒட்டுத்துணிப் போர்வையை விரித்து ஊர்வலத்துக்கு இடம் பிடிப்பது, பிள்ளைகளின் சைக்கிள் சக்கரத்தில் வண்ணக் காகிதம் சுற்றுவது, பழைய பால் கேனில் ரூட் பீர் என்ற இனிப்புப் பானம் கலக்குவது, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, சாவு வீடுகளுக்குச் செய்து கொடுப்பதால் சாவு வீட்டு உருளைக்கிழங்கு என்று பெயர் வாங்கிய பதார்த்தம், மத்தியானம் முன்னோடிகள் இழுத்து வந்ததைப் போலப் பிள்ளைகள் கைவண்டி இழுப்பது. அத்தனையும் அவள் கையெழுத்தில். போர்வைகூட அவள் தைத்தது. ஊரில் யாரும் அதைத் தாண்டிப் போக மாட்டார்கள், மிதிக்க மாட்டார்கள். மார்வாவின் போர்வை என்று பக்கத்தில் தங்கள் போர்வையை ஒதுக்கிப் போடுவார்கள். அதன்மேல் நான் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவதைப் போலக் கேவலம் வேறு இல்லை என்று எனக்கே தெரியும். உயிரோடு இருப்பவள் என்றால் ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாம். அவள் சமையலில் ஒரு நாளாவது உப்பு கூடிப்போகும். மார்வாவின் சமையலில் இனிமேல் உப்பு கூடிப்போகவே போகாது. ஆலயத்தில் மறுமைக்கும் சேர்த்து உன் அப்பாவோடு கல்யாண முடிச்சுப் போட்டதில் அவளுக்குத்தான் முதல் இடம். அங்கே போனாலும் நான் பச்சை ஜெல்லியோடு இரண்டாவதாகத்தான் நிற்க வேண்டும்.

இந்த வருடம் அது போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. சபைக் கூடத்தில் வழக்கம்போல, ரயில் வருவதற்கு முன்னால் சமவெளியைக் கடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று பிஷப் சொன்னார். கூடமே எழுந்தது. உன் அப்பா எழுந்தார். டெவ்ராவுக்கு எட்டு வயது ஆகிவிட்டதல்லவா, இந்த வருடம் யாரும் சொல்லாமல் தானாக எழுந்து நின்றாள். எங்கள் வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உங்கள் முன்னோர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்களே, அந்த ஒஹாயோவில் அவர்களைக் கிளப்பிவிட்டவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவராக இருந்திருப்பார், யார் கண்டது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நெல்டா அக்கா டெவ்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே மார்வா நின்ன மாதிரியே இருந்துச்சு" என்று கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில்தான் நான் நின்றேன். அந்தப் பிள்ளைக்குக் காலுறை, சட்டை, பின்னல் எல்லாம் காலையில் போட்டுவிட்டது நான்.

திங்கட்கிழமை கடைக்குப் போய் தந்தநிறப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கினேன். சமையலறை அலமாரிகள் பார்க்கச் சகிக்காமல்தான் இருந்தன, அது பொய்யில்லை. வெளிப்பக்கம் எல்லாவற்றையும் அடித்தேன். உள்பக்கங்களை அடித்தேன். அந்தக் கதவை மட்டும் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். நம்பினால் நம்பு. பிறகு அதையும் அடித்தேன். ஏன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை ஊர்வலம் நன்றாகவே நடந்தது. டெவ்ராவுக்கு இந்த வருடம் நானே ஒரு முன்னோடித் தொப்பி தைத்திருந்தேன், தாடைக்குக் கீழே நாடா கட்டுவது, நீலத்தில் சின்ன வெள்ளைப் பூ. அதைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனாள். எங்களைத் தாண்டும்போது கையை விட்டுவிட்டு எனக்கு ஆட்டினாள், விழப் பார்த்தாள். "அம்மா, பாத்தியா, கைய விட்டுட்டேன்" என்று கத்தினாள். ஐந்து வயதிலிருந்து அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், உனக்குத் தெரியும். தீயணைப்பு வண்டிக்காரர்கள் கடைசியில் எல்லோர் மேலும் தண்ணீர் பீய்ச்சினார்கள். அன்று காலை நான் சந்தோஷமாக இருந்தேன், ஜனீல். இந்த ஊரில் ஒரு இருபத்து நான்காம் தேதி எனக்குச் சந்தோஷமாக இருந்தது அதுதான் முதல் தடவை. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரூட் பீர் கலக்க உட்கார்ந்தோம். கேனுக்கு எத்தனை கப் சர்க்கரை என்று நெல்டா அக்கா கேட்டாள். நான் ஆறு என்றேன். ஐந்துதானே என்றார் உன் அப்பா. அக்கா எழுந்து, கதவில் பார்த்துவிடலாம் என்று உள்ளே போனாள். நான் கேனில் போட்டுக் குளிரவைக்கிற, புகையும் பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கையுறை போட்டிருந்தும் விரல் சுட்டது.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வாசலுக்கு வந்து, "இது யாரு பண்ணது கோலீன்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெயின்ட் உரிந்து கிடந்தது அக்கா, உள்பக்கம் எழுத்து இருந்தது ஞாபகமில்லை என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலு வருஷமா தினம் மாவு எடுக்கற கதவு" என்றாள். அவ்வளவுதான்.

உன் அப்பா போய்ப் பார்த்தார். விரலால் தொட்டு, "காஞ்சிருச்சு" என்றார். தண்ணீர் முறை வருகிறது, மடை மாற்ற வேண்டும் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். முறை மறுநாள்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டெவ்ரா தன் அறைக்குப் போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து வைத்து, ஸ்டூலில் ஏறி, நோட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு இது தெரியாது, ஜனீல், சத்தியமாகத் தெரியாது. நான் பள்ளிச் சமையலறையில் வேலை முடித்து வருவதற்குள் அவள் தினமும் ஸ்டூலில் ஏறி அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். வெறும் நகல் எடுக்கவில்லை. உன் அம்மாவின் எழுத்து சாய்வதைப் போலவே சாய்த்து, அவள் வால் இழுப்பதைப் போலவே இழுத்து எழுதியிருக்கிறாள். உனக்கு உன் அம்மாவின் குரல் ஞாபகம் இருக்கும். அவளுக்கு இரண்டு வயது அப்போது. அவளிடம் இருந்தது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

நோட்டில் நான்கு வரிதான் முடிந்திருந்தது. "அம்மா மாதிரியே எழுதிப் பழகிட்டிருந்தேன். பாதிதான் வந்துருக்கு, கோலீன்" என்றாள்.

என் பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள். கோலீன், பால் வேண்டும். கோலீன், என் ஷூ எங்கே. யாரோ வீட்டுக்கு வந்த பெண்ணிடம் கேட்பதைப் போல.

சாப்பாடு போட்டேன். நெல்டா அக்காவின் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள், ரூட் பீரை உறிஞ்சித் தீர்த்தார்கள். பெயரில் பீர் இருந்தாலும் பிஷப்பே வந்து மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் போனார். சர்க்கரை ஆறா ஐந்தா என்பது கடைசி வரை தெரியவில்லை, ஐந்தரை போட்டேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தொட்டி ஓரத்தில் நின்றபடி, தட்டுக்கூட இல்லாமல், பாத்திரத்தில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கை நான் தின்றேன். இது இந்த வருடத்துக் கதை இல்லை. நான்கு வருடமும் அப்படித்தான்.

பிறகு கைவண்டி. பிள்ளைகள் விடமாட்டோம் என்றார்கள். ஆளுக்குப் பத்து பவுண்டு, சமையலறைத் தராசில் நானே நிறுத்துக் கொடுத்தேன். தங்களுக்கு ரொம்பப் பிடித்ததை மட்டும் ஏற்றிக்கொண்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்ற வேண்டும், மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி, பாரம் தாங்காது, ஒன்றை இறக்கிவிடு என்று பெரியவர்களில் ஒருவர் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவள் நான்தான். டெவ்ரா பொம்மையை ஏற்றினாள், நீ பின்லாந்திலிருந்து அனுப்பிய மரக்குதிரையை, ஸ்கேட்டிங் ஷூவை, அந்த நோட்டை ஏற்றினாள். முதல் நிறுத்தம் காட்டன்வுட் மரத்தடி. இறக்கு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் தலையிலிருந்த தொப்பியின் நாடாவை அவிழ்த்தாள். தொப்பி வண்டியில்கூட இல்லை, தராசிலும் ஏறவில்லை. அதை மடித்துப் புல்லில் வைத்துவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகளில் ஒருத்தி, அது கணக்கில் வராது என்று கத்தினாள். வரும் என்றேன் நான்.

இறக்கி வைத்ததை அன்று யாரும் எடுக்கக் கூடாது என்பது உன் அம்மாவின் விதி. அதை நான் மீறவில்லை. வியாழக்கிழமை உண்மையாகவே தண்ணீர் முறை வந்து மேய்ச்சல் நிலம் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. நான் போவதற்குள் தொப்பி சேற்றில் கிடந்தது. அலசிக் கொடியில் போட்டேன். காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. அவள் எடுக்கிறாளா பார்க்கலாம் என்று பிடிவாதம், வேறென்ன. எட்டு வயதுப் பிள்ளையோடு நாற்பத்தொரு வயதுக்காரிக்கு. வெள்ளியும் சனியும் அதன் கீழேயே குனிந்து போனாள், வந்தாள்.

இனி, விட்டுவைத்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை அந்தக் கதவை அடிக்காமல் விடத்தான் நினைத்தேன் என்று எழுதினேன் இல்லையா. கதவின் அடிப்பகுதியில் அளவுக் கோப்பைகள் தொங்கும் சட்டம் ஒன்று இருக்குமே, அதில் பெயின்ட் தெறிக்காமலிருக்கத் திருகாணியைக் கழற்றினேன். சட்டத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு வரி இருந்தது. உங்கள் எல்லோருக்கும் எட்டு வரிதான் தெரியும். இது ஒன்பதாவது. எழுத்து அவளுடையதுதான், ஆனால் கை நடுங்கியிருக்கிறது, கோடு மேலும் கீழும் போகிறது. அவள் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டு அவளேதான் சட்டத்தைத் திரும்ப மாட்டியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். இதுதான் அந்த வரி:

"அன்று சமைக்கிறவள் யாராக இருந்தாலும், முதலில் அவளை உட்கார வைத்துத் தட்டைக் கையில் கொடுங்கள். எனக்கு யாரும் செய்யவில்லை. அவளுக்காவது செய்யுங்கள்."

அவளுடைய ரூட் பீரை நான் பொறுத்துக்கொண்டேன். போர்வையைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நேரத்தில், தனக்குப் பின்னால் அந்த அடுப்படிக்கு யாரோ ஒருத்தி வருவாள் என்று நினைத்து, அவள் பசியோடு நிற்பாள் என்றும் நினைத்திருக்கிறாள். என்னைவிட எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருந்தவள் கடைசியில் இதிலும் மேலே போய்விட்டாள். அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. பிரஷ்ஷை முக்கி, கீழேயிருந்து மேலே அடித்தேன். முதலில் அழிந்தது அந்த வரிதான்.

காய்ந்த பிறகு சட்டத்தை மாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. எனக்கு யாரும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாளே. அப்படியென்றால் அவளும் அந்தத் தொட்டி ஓரத்தில் நின்றுதானே தின்றிருக்கிறாள். ஊரே கொண்டாடிய மார்வா. உன் அப்பா, நெல்டா அக்கா, நீ, எல்லோரும் வெளியே மேசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது. உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நீ அப்போது சின்னப் பெண்.

இந்த ஆறு நாளும் அந்த வரி என் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் ஒரு சுகமும் இருந்தது. அவளிடமிருந்து உங்களுக்கெல்லாம் எத்தனையோ வந்தது. எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். யாருக்கும் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. ஆனால் டெவ்ரா வால் இழுத்து வால் இழுத்து எழுதிய அந்த நான்கு வரியைப் பார்த்த பிறகு அது என்னிடம் இருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

உன் அப்பாவிடமும் நெல்டா அக்காவிடமும் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? எழுத்தை அழித்தவள் வந்து, அதில் எனக்குத் தட்டு கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தது என்றால் யார் நம்புவார்கள். அக்கா வாய்விட்டே சிரிப்பாள். நானாக இருந்தாலும் சிரிப்பேன்.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். உன் கையெழுத்து உன் அம்மாவுடையதைப் போலவே இருக்கும் என்று ஊரே சொல்கிறது. ஐந்திலிருந்து எட்டு வரை உனக்கு மனப்பாடமாக இருக்கும். அதை உன் கையால் எழுதி, உறையின் மேல் டெவ்ரா பெயரைப் போட்டு அனுப்பு. சர்க்கரை எத்தனை கப் என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்து அவள் மீதியை எழுதிப் பழகட்டும். முடித்ததும் கதவில் அவளே எழுதட்டும், புதுப் பெயின்டின் மேல். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன், அவள் பிடிக்கவிட்டால்.

இரண்டாவது, ஒன்பதாவது வரியை நம்பு. பட்டியலில் சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம். எனக்குத் தட்டு வேண்டாம், அதற்காக இதை எழுதவில்லை. அவள் சொன்னது அவள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று காலை சபைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், கொடியில் தொப்பி இல்லை. நான் எடுக்கவில்லை. காற்றும் இல்லை. யாரையும் கேட்கவில்லை.

ஜன்னலுக்குத் துணி போட மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்து சாப்பிடு. ஆண்டவர் உன்னை நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
கோலீன்

பின்குறிப்பு: அந்த வரியின் முடிவில், கையெழுத்துப் போடுகிற இடத்தில், ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு சின்ன வாத்து வரைந்திருந்தது. கழுத்தில் ஒரு முடிச்சு. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் யாரும் என்னிடம் எந்த வாத்தைப் பற்றியும் சொன்னதில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமென்றால், நான் பொய் சொல்லவில்லை என்பதும் உனக்குத் தெரிந்துவிடும்.